பிழைப்பைப் பேசுவோம்

1976 பிப்ரவரி 22 அன்று, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்து நாளிதழில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்று பெயர். தகராறில்லாத மணவிலக்குக்கு 175 டாலர், பெயர் மாற்றத்துக்கு 95 டாலர், கோர்ட் கட்டணம் தனி. இப்படி விலைப்பட்டியல் போட்டதற்காக அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1977 ஜூன் 27இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வழக்கறிஞர் விளம்பரமும் பேச்சுரிமைக்குள் வரும், அதை முழுக்கத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

வக்கீல் தொழிலை வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் ஆங்கிலப் பாட்காஸ்ட்கள் இன்று வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் அமெரிக்காவிலிருந்து வருபவை இந்தத் தீர்ப்பின் மேல் எழுந்தவை. தேடுபொறியில் முதலில் வருவது எப்படி, கட்சிக்காரரிடம் மதிப்புரை கேட்டு வாங்குவது எப்படி, எந்த வழக்கைத் தட்டிக்கழிப்பது, மாதச் செலவை எப்படிக் கணக்கு வைப்பது என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பலதும் உருப்படியான பேச்சு. நம் ஊரில் புதிதாகக் கவுன் போட்ட பிள்ளைகள் மின்சார ரயிலில் இவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு உயர் நீதிமன்றம் வருகிறார்கள். ஆனால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் அவர்கள் நடப்பது வேறொரு சட்டத்தின் தரையில்.

இந்தியப் பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதி, வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குத் தேடக் கூடாது என்கிறது. பெயர்ப்பலகை கூட அளவாக இருக்க வேண்டும். 2008இல் ஒரு சின்ன வாசல் திறந்தது: இணையதளம் வைத்துக்கொள்ளலாம், பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பன போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இணையச் சேவைத் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையான உத்தரவு போட்டது. இந்த முழுத்தடை இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். இங்கிலாந்து தன் சொலிசிட்டர்களுக்கு 1980களிலேயே அதைத் தளர்த்திவிட்டது.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் வருகிற கட்சிக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வக்காலத்து வாங்கிய வழக்கறிஞர்களின் விவகாரம் 1975இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தபோல்கர் வழக்கு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதில் இந்தத் தொழிலை வியாபாரமாக்குவதை வன்மையாகக் கண்டித்தார். ஜாமீனுக்கு அலைகிற ஏழையின் பதற்றத்தை ஏலம் போடக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இந்த விதி யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்பாவின் பெயர்ப்பலகை எந்த விதியின்படியும் விளம்பரம் ஆகாது. தாத்தா காலத்திலிருந்து வருகிற மடத்து வழக்கு, மில் வழக்கு, பேங்க் வழக்கு எதுவும் வழக்குத் தேடல் ஆகாது. குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு மட்டும்தான் மௌனம் நிபந்தனையாகிறது. அவளுக்கு முதல் கட்சிக்காரர் எங்கிருந்து வருவார்? இதற்கான பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது; ஒரு நல்ல சீனியரின் ஆபீஸில் உட்கார்ந்தால்தான் தெரியும். அந்த ஆபீஸில் உட்கார இடம் கிடைப்பதே உறவாலும் சாதியாலும் ஊராலும் என்பது பாரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேடையில் யாரும் சொல்வதில்லை.

நுழைவதற்கே எவ்வளவு செலவு என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பல மாநிலங்களில் பதினைந்தாயிரம், ஒடிசாவில் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று வெவ்வேறு தலைப்புகளில் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30இல்தான் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்றது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், பிற மாவட்டங்களில் 15,000. உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் ஆபீஸும் இதில் அடக்கம். தானே வாடகைக்குத் தவிக்கிற முன்சீப் கோர்ட் வக்கீலும் இதில் அடக்கம். இரண்டாமவர் என்ன செய்கிறார்? ஜூனியரையே வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறாரா, பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்துச் சமாளிக்கிறாரா? இதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

தமிழில் பாட்காஸ்ட் இல்லாமல் இல்லை. யூடியூப்பில் நேர்காணல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் கேட்கப்படும் கேள்வி ஒன்றேதான்: இந்த உயரத்தை எப்படி அடைந்தீர்கள்? பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான். உழைப்பு, குருவருள், அம்மாவின் ஆசி. நடுவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. எங்களுக்கு அந்த வருஷங்கள்தான் வேண்டும். முதல் ஃபீஸ் எவ்வளவு, யார் அனுப்பிய ஆள்? சீனியரை விட்டுத் தனியாக வந்தபோது வழக்குக் கட்டுகளை யார் வைத்துக்கொண்டார்கள்? குமாஸ்தாவுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தீர்கள்? வாய்தா மேல் வாய்தா வாங்கியதில் எத்தனை உண்மையான காரணம்? பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது கோர்ட்டில் உங்கள் இடம் இருந்ததா? இப்படிக் கேட்டால் 36ஆம் விதி குறுக்கே வராது. தொலைபேசி எண்ணும் வெற்றிப் பட்டியலும் சொல்லாமல் தன் பிழைப்பைச் சொல்பவர் வழக்குத் தேடவில்லை. வேறொரு கட்டுப்பாடு உண்டு, அது மதிக்கத்தக்கது: கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவிலும் அந்தக் கடமை நீடிக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அது முடிவதில்லை. ஆகவே ஒலிப்பதிவுக்கு உட்காருபவர் தன் கதையைச் சொல்லட்டும், கட்சிக்காரர் கதையை விட்டுவிடட்டும்.

இதே பிழைப்புக் கேள்விகளை இசைக் கலைஞர்களிடமும் கேட்க வேண்டும். சட்டத்தைப் பேசிக்கொண்டிருக்கையில் சங்கீதத்தை ஏன் இழுக்கிறோம் என்றால், இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் தொழில்கள். இரண்டிலும் அந்தப் பக்கத்து இடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இரண்டு உலகத்துக்கும் போக்குவரத்தும் உண்டு. மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல்.வெங்கடராம ஐயரிடம் டி.கே.பட்டம்மாள் தீட்சிதர் கிருதிகள் பாடம் செய்தார். வேறு வகைச் சந்திப்பும் நடந்தது: லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947இல் விடுதலையானபோது அவர்களுக்காக வாதாடியவர் வி.எல்.எத்திராஜ். அந்தச் சிறைக்காலத்தில் பாகவதரின் ஒப்பந்தங்கள் என்ன ஆயின, வீடு எப்படி நடந்தது என்பதை அவருடைய சொந்தக் குரலில் கேட்க நமக்கு வழியில்லை. பாடிய குரல் மட்டும் தட்டுகளில் இருக்கிறது.

இசைக் கலைஞர்கள் பேசும் பாட்காஸ்ட்களில் நாங்கள் உயர்வாக மதிப்பது லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ரிஷிகேஷ் ஹிர்வே 2014இல் தொடங்கிய ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’. அவரும் இசைக் கலைஞர். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, டிரம்ஸ் தனி, பாஸ் தனி, குரல் தனி என்று தடம் தடமாகப் பிரித்துக் கேட்கவைத்து, உண்டாக்கியவரையே சொல்லவைக்கிறார். தன் கேள்விகளைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார். பேட்டி எடுப்பவர் குரல் பின்வாங்கியதும் கலைஞர் தொழில் பேசத் தொடங்குகிறார்: இந்த இடத்தில் தப்பாக வாசித்தேன், அதையே வைத்துக்கொண்டோம், இந்த வரிக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நம் நேர்காணல்களில் கேட்பவர்தான் அதிகம் பேசுகிறார். வணக்கம் சொல்லி முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது.

இதே முறையில் ஒரு மேள செட்டைப் பதிவு செய்ய முடியும். நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம். இன்று ஒத்தின் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. ஒத்து ஊதியவர் குடும்பம் எங்கே போயிற்று? தவில்காரர் விரல் கூட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை பசை போடுகிறார்? முகூர்த்த நாள் இல்லாத மாதத்தில் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது, அச்சாரம் வாங்கிய கல்யாணம் நின்றுபோனால் பணத்தைத் திருப்ப வேண்டுமா, சினிமாப் பாட்டு கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் திருவாரூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். மிருதங்கம் செய்வோரைத் தேடிப் போய் டி.எம்.கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதம் தஞ்சாவூர்ப் பர்லாந்துவின் கையிலும் இருந்தது என்பதும், தோலைத் தொடுபவரின் சாதியை மேடை எப்படி மறைத்தது என்பதும் கேட்டு எழுதியதால்தான் பதிவாயின.

காசைப் பற்றிப் பேசுவது கலைக்கு இழுக்கு என்ற எண்ணம் நம் மரபில் இருந்ததாகச் சொல்பவர்கள் உ.வே.சாமிநாதையரைப் படிக்க வேண்டும். ‘சங்கீத மும்மணிகள்’ எழுதிய அவர், ‘என் சரித்திர’த்தில் தன் தகப்பனார் ஊர் ஊராகப் போய்க் காலட்சேபம் செய்து குடும்பம் நடத்திய கதையை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார்! எந்த ஊரில் யார் ஆதரித்தார்கள், கடன் எப்படி ஏறியது, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த சம்பளம் ஐம்பது ரூபாய் என்பது வரை அதில் இருக்கிறது. கணக்குச் சொன்னதால் அந்த நூலின் பெருமை குறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு சங்கீதக்காரர் வீட்டில் சோறு எப்படி வந்தது என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம்.

சினிமாவில் வாசித்தவர்கள் கதை இன்னும் அவசரம். ஒரு காலத்தில் ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்து வாசித்த ஒலிப்பதிவுக் கூடத்தின் வேலையை இன்று கணினி பார்க்கிறது. அந்த வயலின் வரிசையின் பெயர்கள் பெரும்பாலான படங்களின் தலைப்பில் வந்ததே இல்லை. அவர்களுக்குக் கூலி நிர்ணயமும் மரியாதையும் வர வேண்டும் என்று சென்னையில் இசைக் கலைஞர் சங்கத்தை உருவாக்க முன்னின்றவர் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த எம்.பி.ஸ்ரீனிவாசன். அந்தச் சங்கத்துக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களில் உயிரோடிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது.

வழக்கறிஞரும் இசைக் கலைஞரும் ஒரே ஒலிவாங்கி முன் உட்கார வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது ஒப்பந்தம். 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு படப்பாட்டைத் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தி வரும் ராயல்டியில் சரிபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு. 2017இல் இளையராஜா எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று பொறுமையாகத் தமிழில் விளக்கிய குரல்கள் மிகக் குறைவு. இன்றும் சுயாதீன இசை செய்யும் பையன் முப்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். அந்தப் பக்கங்களை ஓர் இளம் வழக்கறிஞர் ஒவ்வொரு ஷரத்தாக அவனோடு உட்கார்ந்து வாசிக்கும் பதிவு ஒன்று தமிழில் இருந்தால், அதைக் கேட்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

இதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். கைபேசியும் சத்தமில்லாத அறையும் போதும். கோர்ட் கோடை விடுமுறை மாவட்ட வழக்கறிஞர்களைப் பிடிக்க நல்ல சமயம். கல்யாணம் இல்லாத ஆடி, மார்கழியில் நாகஸ்வரக்காரர்கள் பகலில் கிடைப்பார்கள்; ஆடியில் அம்மன் கோயில் நாட்களை மட்டும் விட்டுவிட வேண்டும். பேசுபவரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள், வெட்டிய பிரதியை அவருக்குப் போட்டுக்காட்டி அவர் நீக்கச் சொல்வதை நீக்குங்கள். பதிவை எழுத்தாக்கி அனுப்புவோருக்கு அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கங்களை ஒதுக்குகிறோம். பேசுபவர் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வாங்கிய தொகை, கொடுத்த வாடகை, காத்திருந்த வருஷம் ஆகியவற்றை மட்டும் அவர் சொன்னபடியே அச்சிடுவோம்.