கிணற்றடியும் விருந்தாளிகளும்

நல்லூர்க் கந்தன் கொடியேற்றம் அணுகும் காலத்தில், வருடத்தின் பெரும்பகுதி ஓய்ந்து கிடக்கும் யாழ்ப்பாணத்து வளவுகள் பல விழித்துக்கொள்கின்றன. கொழும்பிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் கடல் கடந்து சென்றோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், இலண்டனிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை தொடங்கியதும் வந்து சேர்கின்றனர். ஆச்சியும் அப்புவும் மாத்திரம் சீவித்த வீட்டில் பன்னிரண்டு பேர் உண்டு உறங்குகின்றனர். முற்றம் நிறைந்த இந்தக் காட்சியை விரும்பாதார் யார்?

வந்தவர்களுக்கு ஒரு குறையும் வரலாகாது என்பது எம்மவர் வழக்கம். ஆச்சி விடியுமுன் அடுக்களைக்குள் புகுந்தால் மாலையில்தான் வெளியே வருவாள். அப்பு நீர்த்தாங்கி வற்றும்போதெல்லாம் மோட்டாரைப் போட்டுவிடுவார். “பிள்ளைகள் சும்மா இருக்கட்டும். நாலு கிழமைதானே நிற்கப் போகுதுகள்” என்பதே அவர்கள் சொல். அன்பின் சொல்லே எனினும், அதனால் விளையும் கேடுகள் இரண்டு உண்டு.

முதலாவது கேடு கிணற்றுக்கு. எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகின்றது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களில் இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் பாரங் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கணக்கு. மேலே சிறிது குறைந்தால் கீழிருந்து உவர் பெரிதும் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். ஆவணியிலோ முந்திய மாரியின் நீர் குறைந்து நிற்கும். வீடு நிறைய விருந்தாளிகள் வருவதும் அப்போதுதான்.

துலாவில் நீர் அள்ளிய நாளில் மனிதனின் கை ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. அன்றியும், வருவோரின் வசதிக்கென அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டுவோர், அதன் மலக்குழி கிணற்றுக்கு எத்துணை அண்மையில் அமைகின்றது என்பதைக் கருதுவதில்லை. வெடிப்புள்ள கல்லில் அழுக்கு வேலி பார்த்து நிற்பதில்லை. உங்கள் வளவுக் குழியின் கழிவு அயலவன் குடிநீரில் கலக்கலாம்.

ஆதலால் வந்தவர்களிடம் கிணற்றின் நிலையை ஒளிக்காமற் சொல்லுங்கள். குளியலறையில் நெடுநேரம் நீரை ஓடவிடாது கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கட்டும். அந்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் பாயட்டும். மோட்டாரை ஒரே மூச்சில் ஓடவிடாது, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள். புதிய குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள். இவற்றைச் சொல்வது விருந்தோம்பலுக்கு இழுக்கு ஆகாது.

இரண்டாவது கேடு பிள்ளைகளுக்கு. சொந்த வளவில் விருந்தாளியாக மட்டும் இருந்து திரும்பும் பிள்ளைக்கு அவ்வளவு ஒரு தங்குமடமே. ஆவணியில் பனம்பழம் விழும். விடியற்காலையில் அதைப் பொறுக்குவதற்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பணியாரம் சுடுவதையும், எஞ்சிய களியைப் பாயில் நாளுக்கொரு படையாக ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு ஆக்குவதையும் ஆச்சி காட்டட்டும். கை முழுவதும் மஞ்சளாகும், ஆகட்டும். பின் அந்த விதைகளைப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் மூடுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். மாரி மழையில் அவை முளைத்துத் தை, மாசியில் கிழங்காகும். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். தான் அடுக்கிய பாத்தியின் ஒடியல் ஒரு பொதியாகக் குளிர்தேசத்து வீட்டுக்கு வரும்போது, அப்பிள்ளைக்கு அது கடையில் வாங்கிய பண்டமாகத் தோன்றாது.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஆச்சியும் அப்புவும் இன்னும் எத்தனை ஆவணி இருப்பர்? முதுசக் காணி பிள்ளைகள் பெயருக்குப் போகும் நாள் வரும். எல்லைக் கதியால் எது, எந்தப் பக்கம் நீர் வடியும், கோடையில் எக்கிணறு உவர்க்கும் என்பதொன்றும் அறியாதவன் கையில் உறுதி மாத்திரமே இருக்கும். அத்தகையவன் விற்றுவிட நினைத்தால் அவனை எங்ஙனம் குறை கூறுவது? வளவைப் பழக்காமல் விட்டவர் நாமல்லவா?

பெற்றோரே, அடுத்த விடுமுறைக்கு வரும்போது வயோதிபர் கையிலிருந்து தும்புத்தடியையும் வாளியையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பேரர்களைக் கண்டது போலவே, சிறிது நேரம் திண்ணையில் கால் நீட்டி இருப்பதும் அவர்களுக்கு இன்பந்தான். மாணவர்களே, நீங்கள் அப்புவோடு ஒரு தடவை எல்லை வேலி முழுவதும் நடந்து, அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிவையுங்கள். அவர் நினைவில் உள்ளவை வேறெங்கும் எழுதப்படவில்லை.