புது ரைஃபிள் சரி, தோட்டா எதுல செஞ்சது?

நவம்பர் வந்தா போதும், அமெரிக்காவுல "அப்பா வாங்கிக் கொடுத்த புது ரைஃபிள், பையனோட முதல் மான்" வீடியோக்கள் வரிசையா வரும். தாத்தாவுல இருந்து பேரன் வரைக்கும் குடும்பமே காட்டுக்குள்ள. வேகம் எவ்வளவு, ஸ்கோப் என்ன விலை, 300 கஜத்துல குறி எப்படின்னு அரை மணி நேரம் பேசுவாங்க. தோட்டாவுக்குள்ள என்ன உலோகம்னு பேசவே மாட்டாங்க. அதைப் பத்திதான் இந்தத் த்ரெட்.

வேட்டை சரியா தப்பாங்கிற சண்டைக்கு நான் வரல. அந்தக் கறி ஃப்ரீசருக்குப் போய், குழந்தைங்க மாசக்கணக்கில் சாப்பிடுறாங்க பாருங்க, அங்கதான் டாக்டருக்கு வேலை.

வழக்கமான வேட்டைத் தோட்டாவின் உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்பு உறை. மானின் உடம்பில் பாய்ந்ததும் ஈயம் தூள்தூளாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு அடி தள்ளிக்கூட துகள் கிடக்கும். பல துகள் கண்ணுக்குத் தெரியாது, பல்லுலயும் படாது. எக்ஸ்ரேல மட்டும் வெள்ளைப் புள்ளியா மின்னும். வேகமான ரைஃபிள்னா இன்னும் அதிகமா சிதறும். காசு கொடுத்து வாங்குன அதே வேகம்தான்!

கழுவினா போயிடும்னு நினைக்காதீங்க. தண்ணி ஊத்தினா துகள் மத்த இடத்துக்கும் பரவும். வினிகர்ல ஊற வச்சா ஈயம் இன்னும் நல்லா கரையும்.

2008-ல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான் கொத்துக்கறியை ஒரு டாக்டர் ஸ்கேன் செய்து பார்த்தார். அவரும் வேட்டைக்காரர்தான். பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துகள். அந்தக் கறியைத் தூக்கிப் போடச் சொன்னது மாநில அரசு.

பிறகு சிடிசி அங்கே 700-க்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. வேட்டைக்கறி சாப்பிட்டவர்களுக்கு ஈயம் சற்று அதிகம். ஆனா அன்றைய எல்லையான 10-ஐ ஒருத்தரும் தாண்டல. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல"ன்னு இன்னிக்கும் இதைத்தான் காட்டுறாங்க. அதுல சின்னக் குழந்தைங்க ரொம்பக் குறைவுங்கிறதைச் சொல்ல மாட்டாங்க. 2021 முதல் குழந்தைகளுக்கான அளவுகோல் 3.5 மைக்ரோகிராம். அதுகூட பாதுகாப்பான அளவு கிடையாது, அப்படி ஒரு அளவே இல்லை. வளரும் மூளைக்குள் போன ஈயம் செய்த சேதத்தைத் திருப்பி எடுக்க என்கிட்ட மருந்தும் இல்லை.

"தாத்தா காலத்துல இருந்து சாப்பிடுறோம்." தாத்தா ஈயம் கலந்த பெட்ரோல்தான் போட்டார், ஈய பெயின்ட்தான் அடிச்சார். அதையெல்லாம் விட்டாச்சுல்ல?

மாற்று இருக்கு. முழுச் செம்புத் தோட்டா. அதிகம் சிதறாது. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. டென்மார்க்கில் 2024 முதல் ரைஃபிளுக்கும் தடை. அங்கே யாரும் வேட்டையை விட்டுடல.

விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா ஒரு சீசன்ல மானுக்கு எத்தனை தோட்டா செலவாகும்? இன்னொன்னு, செம்புத் தோட்டா போய் விழும் இடம் ஈயத்திலிருந்து வேறுபடும், குறியைத் திரும்பச் சரி பண்ணணும். பழைய துப்பாக்கிக்காரர் அதுக்குத்தான் அலுத்துக்குவார். புது ரைஃபிளுக்கு எப்படியும் குறி சரி பண்ணியே ஆகணும். அதைச் செம்புலயே பண்ணுங்களேன்!

"நமக்கு எதுக்கு டாக்டர் இது?" டெக்சாஸ்ல உங்க தங்கச்சி இருந்தா, பக்கத்து வீட்டுக்காரர் அன்பா மான் சாசேஜ் கொண்டுவந்து கொடுப்பார். எந்தத் தோட்டான்னு கேட்கச் சொல்லுங்க. ஈயம்னாலும், தெரியலைன்னாலும், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.