நிறுவியதோடு முடிந்துவிடுகிறதா பாடம்?

பெருந்தரவுப் பாடத்தின் ஆய்வகப் பயிற்சிகளுள் 'அப்பாச்சி காஃப்காவை நிறுவுதல்' என்பதும் ஒன்றாக இடம்பெறுவதுண்டு. மாணவர் தம் விண்டோஸ் மடிக்கணினியில் அதனை இறக்கி இயக்குகிறார். ஒரு செய்தியை அனுப்புகிறார். மறுமுனையில் அது தோன்றியதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறார். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அவர் கற்றது என்ன என்ற வினா மட்டும் எழுப்பப்படுவதில்லை.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறமூலமாக வெளிவந்த மென்பொருள் காஃப்கா. அதை உருவாக்கிய மூவருள் ஒருவர் புணேயில் பயின்ற நேஹா நார்கடே. செய்திகளை வந்த வரிசையிலேயே ஒரு பதிவேட்டில் எழுதிச் செல்வதும், அப்பதிவேட்டின் படிகளைப் பல கணினிகளில் காப்பதும், ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்பதுமே அதன் உயிர்நிலை. ஒற்றைக் கணினியில் ஒற்றை ப்ரோக்கரை இயக்கும் மாணவர் இவற்றுள் முதலாவதை மட்டுமே காண்கிறார்.

விண்டோஸில் இயக்குவதற்கான கோப்புகள் காஃப்காவின் தொகுப்பிலேயே உள்ளன. ஆயினும், விண்டோஸ் நன்கு ஆதரிக்கப்படும் தளமன்று என்று அதன் அதிகாரபூர்வ ஆவணமே எச்சரித்துள்ளது. காரணம் நுட்பமானது. காஃப்கா இயல்பாகச் செய்திகளை 168 மணி நேரம், அதாவது ஏழு நாள், வைத்திருக்கும். பின்னர் பழைய கோப்புகளைப் பெயர் மாற்றி அழிக்கும். நினைவகத்தோடு பிணைக்கப்பட்டுத் திறந்திருக்கும் கோப்பிலும் இதைச் செய்ய லினக்ஸ் இடந்தரும், விண்டோஸ் மறுத்துவிடும். அப்போது ப்ரோக்கர் நின்றுபோவது பல ஆண்டுகளாகப் பதிவாகியுள்ள குறை.

ஆகவே முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பொய்யன்று. ஆனால் அது எதையும் மெய்ப்பிப்பதுமில்லை. புராஜெக்ட்டுக்காக வாரக்கணக்கில் தரவு சேர்த்த மாணவர் ஒரு காலைப்பொழுதில் எல்லாம் நின்றிருக்கக் காண்கிறார். தவறு தம்முடையதே என்று கருதித் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குகிறார். இயங்குதளங்களின் வேறுபாட்டைக் கற்பிக்கக் கூடிய அரிய தருணம் அவ்வாறு குப்பைக்குப் போகிறது.

'மாணவர்களிடம் இருப்பது விண்டோஸ்தானே' என்னும் மறுமொழியில் நியாயம் உண்டு. அதே மடிக்கணினிக்குள் லினக்ஸை இயக்க டபிள்யூ.எஸ்.எல். 2 இருக்கிறது. மேலும், 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஜூகீப்பர் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டதால் நிறுவும் சுமையும் குறைந்துள்ளது. 'முதலில் ஜூகீப்பரைத் தொடங்குக' என்னும் பழைய ஆய்வகக் கையேட்டைப் புதிய பதிப்போடு கையில் கொடுத்தால், இல்லாத கோப்பைத் தேடியே மாணவரின் பயிற்சி நேரம் கழியும்.

மாற்ற வேண்டியது பயிற்சியின் வினாவை. ஒரே மடிக்கணினியில் மூன்று ப்ரோக்கர்களை இயக்கலாம். ஒவ்வொன்றின் ஹீப் நினைவகத்துக்கும் இயல்பான உச்ச வரம்பு 1 ஜிபிதான். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று படிகள் வைத்து, தலைமை ப்ரோக்கரை வேண்டுமென்றே நிறுத்தி, அடுத்து நிகழ்ந்ததை மாணவர் ஒரு பக்கம் எழுதட்டும். மூன்றும் ஒரே வட்டில் இருப்பதால் இது உண்மையான பாதுகாப்பு ஆகாது என்பதையும் அவரே எழுதட்டும். மதிப்பெண் அந்தப் பக்கத்துக்கு உரியதாகட்டும்.

பிழையின்றி இயங்கியதை மட்டும் மதிப்பிடும் ஆய்வகம், பிழைகளைத் தாங்குவதற்கென்றே உருவான ஒரு மென்பொருளைக் கற்பிக்க இயலாது.