எண்பதைக் காட்டி இருபதை மறைக்காதீர்கள்

விழுப்புரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசிய மருத்துவர் ஒருவர், என் மகளுக்கு வந்திருக்கும் ஐ.டி.பி. (இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா) என்ற ரத்த நோயைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொன்னார். ஆண்டுக்கு லட்சம் பிள்ளைகளில் 5 பேருக்குத்தான் வருகிறது. அதிலும் நூற்றுக்கு 80 பேருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆகவே, ரத்தசோகையும் டெங்குவும் வாட்டும் பின்தங்கிய மாவட்டத்தில் இதற்கென்று ஆராய்ச்சி கேட்பது ஆடம்பரம். அரங்கில் கைதட்டினார்கள். அந்தப் பேச்சு பொறுப்பற்றது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதாவது டெங்கு காலத்தில் ஊரே பேசும் பிளேட்லெட், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைப் பகையாக நினைத்துக் குறிவைக்கிறது. மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே போகும். காலையில் பிள்ளையை எழுப்பியதும் முழங்காலுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்ப்போம். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையாது. புதிதாக முளைத்திருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ரத்தப் பரிசோதனைதான்.

லட்சத்தில் ஐந்து என்று மருத்துவர் சொன்னாரே, அந்தக் கணக்கு யார் எடுத்தது? நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளை எண்ணியபோது கிடைத்த விகிதம் 4.8. அவர்கள் ஆராய்ச்சி செய்ததால்தான் இவர் மேடையில் சொல்ல ஓர் எண் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஆராய்ச்சி வேண்டாம் என்கிறார். திண்டிவனத்தில், செஞ்சியில், மரக்காணத்தில் யார் எண்ணினார்கள்? சரி, அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறத்தாழ 35 கோடி. லட்சத்துக்கு 5 என்றால் ஆண்டுக்கு 17,500 பிள்ளைகள். ஐந்தில் ஒருவருக்கு நோய் நீடித்தால் ஆண்டுதோறும் 3,500 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இந்தக் கூட்டத்தைத்தான் அவர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டுப் போனார்.

எந்தப் பிள்ளை எண்பதில் சேரும், எது இருபதில் சேரும் என்று முதல் நாளே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் இதுதான் என்ற முடிவுக்கே வருகிறார்கள். பிறகு ஸ்டீராய்டு, முகம் உப்பிப்போகும், பசி அடங்காது. அடுத்து, ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின். பெரும்பாலும் சில வாரங்களே தாங்கும். அதற்கும் மேல் எல்ட்ரோம்போபேக் மாத்திரை. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இதை அனுமதித்ததே 2015இல்தான். விழுங்குவதற்கு முன் நான்கு மணி நேரமும் விழுங்கியபின் இரண்டு மணி நேரமும் பால், தயிர் தொடக்கூடாது. கிழக்காசிய, தென்கிழக்காசிய வம்சாவளியினருக்குத் தொடக்க அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் உடம்பில் மருந்து அதிகம் தங்குவதை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். நம் பிள்ளைகளின் உடம்பில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நம்மைவிட்டால் யார் வருவார்கள்?

ஆடம்பரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் என்ற மருத்துவர், இந்த நோய் கண்ட பிள்ளைகளுக்கு இம்யூனோகுளோபுலின் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார். அதைப் பின்பற்றி 1984இல் ஜப்பானில் கவாசாகி நோய்க்குக் கொடுத்தார்கள். இன்று அந்த மருந்துதான் கவாசாகி வந்த பிள்ளைகளின் இதயத் தமனிகளைக் காக்கிறது. கில்லன்-பாரே நோயில் கைகால் விழுந்தவர்களுக்கும் அதையே ஏற்றுகிறார்கள். சிலருக்கே வரும் நோய் என்று பெர்னில் ஒதுக்கியிருந்தால் இத்தனை பேருக்கு என்ன கிடைத்திருக்கும்?

டெங்குவைக் காரணம் காட்டியதுதான் மன்னிக்க முடியாதது. டெங்குவில் குறையும் தட்டணு, காய்ச்சல் தணிந்ததும் சில நாளில் தானாக ஏறிவிடும். 2012 டெங்குவுக்குப் பிறகு பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் வீட்டுக்கு வீடு பழகிவிட்டதால், என் மகளுக்கும் அதையே கொடுக்கச் சொல்லாத உறவினர் இல்லை. ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், எண்ணிக்கை இறங்கியது கொசுவாலா, பழைய நோயாலா என்று உள்ளூர் மருத்துவர் சில மணி நேரத்தில் முடிவுசெய்தாக வேண்டும். ஐ.டி.பி.யில் மூளையில் ரத்தம் கசிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பது உண்மை. அந்த ஒருவர் யார் என்பதும் முன்கூட்டித் தெரியாது. டெங்கு மலிந்த மாவட்டம் என்பதாலேயே இந்த ஆய்வு இங்கே நடக்க வேண்டும். மருத்துவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் வேலூர் சி.எம்.சி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பதிவேடு வைக்கட்டும். எந்த ஊர்ப் பிள்ளை, என்ன வயது, எந்த மருந்து, எத்தனை மாதத்தில் தேறியது என்று பத்தாண்டு விடாமல் எழுதட்டும். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோரே, முதல் நாள் ரிப்போர்ட் முதல் எதையும் தூக்கிப்போடாமல் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள். பதிவேடு கேட்டு முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதுங்கள்.