பழைய புல்லட்டுக்கு டிஜிட்டல் மீட்டர் எதற்கு?



பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஸ்பீடோமீட்டர் முள் கொஞ்சம் ஆடினாலே, கேபிள் மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்டத் துடிக்கிறார்கள். அவசரம் வேண்டாம் என்பேன்.

அந்த மீட்டருக்கு பேட்டரியே தேவையில்லை. முன்சக்கரம் சுற்றினால் கேபிள் சுற்றும், அதன் மேல்முனையில் ஒரு காந்தம் சுற்றும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? ஆனால் காந்தம் சுழலும்போது பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். அந்த இழுபறியைத்தான் முள் காட்டுகிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை வாங்கிய முறை இது. எனக்கு இன்றும் வியப்புதான்!

முள் ஆடினால் பெரும்பாலும் கேபிளில் கிரீஸ் வறண்டிருக்கும். நம்மூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். மழைத்தண்ணீர் புகுந்த டிஜிட்டல் மீட்டரை அவர் என்ன செய்ய முடியும்? அதோடு, 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கும்போது முள்ளின் சாய்வு ஓரக்கண்ணிலேயே தெரியும், எண்ணைப் படிக்கத்தான் வேண்டும்.

உதிரிபாகமே கிடைக்கவில்லை என்றால் மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் மீட்டர் ஒத்துவராது. டயரின் சுற்றளவை அளந்து மீட்டரில் பதியுங்கள். அதில் 10 சதவீதம் பிசகினால் வேகமும் தூரமும் 10 சதவீதம் பிசகும்.

பழைய மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் படமெடுத்து ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். வண்டியை விற்கும்போது, கேட்காவிட்டாலும் வாங்குபவரிடம் காட்டுங்கள்.