போன மோடமும் போகாத டிரைவரும்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிற திமிரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. கூடத்து மூலையில் துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர். மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கரன்ட் பில், அப்பாவின் வங்கிக் கணக்கு எல்லாமே அதில்தான்.

"அம்மா, பிரின்ட் கொடுத்தா அந்தப் பழைய பிரின்டருக்கே போகுது."

"அதைத்தான் போகிக்கு முன்னாடியே காயலான் கடைக்குப் போட்டாச்சேடி!"

பிரின்டர் போய்விட்டது. அதன் டிரைவர் போகவில்லை. பிரின்டர், வெப்கேம், டேட்டா கார்டு என்று எதைச் செருகினாலும், அதோடு பேசுவதற்கு விண்டோஸுக்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். கருவியைக் கழற்றிவிட்டால் டிரைவரும் கூடவே போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், என்றாவது ஒருநாள் திரும்பச் செருகுவீர்கள் என்ற நம்பிக்கையில் விண்டோஸ் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் காலத்து டேட்டா கார்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சேவைகள் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. விண்டோஸைப் புதிதாகப் போடாத கம்ப்யூட்டர்களில் அவற்றின் டிரைவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண மென்பொருளுக்குக் கூடம் வரைதான் அனுமதி என்றால், பல டிரைவர்களுக்குப் பீரோ வரைக்கும் அனுமதி. விண்டோஸின் மையப்பகுதியிலேயே அவை இயங்குகின்றன. அப்படிப்பட்ட டிரைவரில் ஓட்டை இருந்தால், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் சாவி தெருவில் கிடப்பது மாதிரிதான்.

இது நடந்தும் இருக்கிறது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது, தொலைபேசி ஒயரில் மோடத்தை மாட்டித்தான் இணைக்க வேண்டும். அந்த வகையில் அகீர் என்ற நிறுவனத்தின் மோடத்துக்கான டிரைவரை விண்டோஸே தன்னோடு சேர்த்துத் தந்துகொண்டிருந்தது. மோடத்தைக் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டர்களிலும் அது இருந்தது. அதில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்குதல் நடப்பதாக 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் நுழைந்துவிட்ட ஒருவர், இதை வைத்து முழு அட்மின் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். மோடம் பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் ஆபத்துதான் என்றும் சொன்னது. ஓட்டையை அடைக்கவில்லை, அன்றைய அப்டேட்டில் டிரைவரையே தூக்கிவிட்டது. அதை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் இனி வேலை செய்யாது என்றும் சொல்லிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்ததும் அதே நாளில்தான். எனவே முதல் வேலை, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, 2025 அக்டோபர் அப்டேட்டோ அதற்குப் பிந்தையதோ இருக்கிறதா என்று பார்ப்பது. வருடக்கணக்கில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகளில் அந்தப் பழைய டிரைவர் அப்படியேதான் இருக்கும்.

மற்றவற்றை நீங்களே எடுக்கலாம். முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிட வேண்டாம். அடுத்து, செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், பழைய பிரின்டர், டேட்டா கார்டோடு வந்த மென்பொருட்களை நீக்குங்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். இப்போது இணைப்பில் இல்லாத கருவிகள் மங்கலாகத் தெரியும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுக்கும்போது, டிரைவரையும் நீக்கவா என்று ஒரு கட்டம் வந்தால் அதில் டிக் செய்யுங்கள். டிக் செய்யாவிட்டால் பட்டியலில் பெயர்தான் மறையும், டிரைவர் உள்ளேயே இருக்கும்.

மங்கலாக இருப்பதெல்லாம் குப்பை இல்லை. 'சிஸ்டம் டிவைசஸ்', 'சாஃப்ட்வேர் டிவைசஸ்' என்று இருப்பவற்றின் பக்கமே போக வேண்டாம். வாரம் ஒருமுறை செருகும் பென் டிரைவும் இப்போது மங்கலாகத்தான் தெரியும். எந்தக் கருவி என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிறதோ, அது வீட்டில் இல்லை என்று உறுதியாகத் தெரிகிறதோ, அதை மட்டும் எடுத்தால் போதும்.

பிரின்டருக்குத் தனி இடம் உண்டு. செட்டிங்ஸில் 'பிரின்டர்ஸ்' பக்கத்தில் பழையதை நீக்கிவிட்டு, 'பிரின்ட் சர்வர் பிராப்பர்டீஸ்' திறந்து, 'டிரைவர்ஸ்' பகுதியில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' கொடுங்கள். இரண்டு தேர்வுகள் வரும். டிரைவர் பேக்கேஜையும் சேர்த்து நீக்குவதுதான் நமக்கு வேண்டியது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்தில் 'மெமரி இன்டெகிரிட்டி' என்ற பாதுகாப்பு ஓடுகிறதா என்று பார்க்கலாம். எப்போதோ எறிந்த கருவியின் பழைய டிரைவர் ஒன்று அதை ஆன் செய்ய விடாமல் தடுப்பது அடிக்கடி நடக்கும். எந்த டிரைவர் தடுக்கிறது என்று அந்தப் பக்கமே பெயரோடு காட்டும்.

இதையெல்லாம் ஒரே கிளிக்கில் செய்து தருவதாகச் சொல்லும் இலவச 'டிரைவர் கிளீனர்' விளம்பரங்கள் நிறைய வரும். அவற்றை இறக்க வேண்டாம். முன்பின் தெரியாத மென்பொருளுக்கு அட்மின் அனுமதி கொடுப்பது, குடித்தனக்காரரின் சாவியைத் தேடுவதற்கு வழிப்போக்கரைக் கூப்பிடுவது மாதிரி. இதனால் கம்ப்யூட்டர் பறக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கருவி இல்லாத டிரைவர் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். வேகம் கூடினால், அது ஆன் செய்ததும் தானாக எழுந்துகொள்ளும் பழைய பிரின்டர் மென்பொருளை நீக்கியதால்தான்.

எல்லாம் முடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பிரின்ட் கொடுத்துப் பாருங்கள். காயலான் கடைக்குப் போன பிரின்டரின் பெயர் மறுபடி பட்டியலில் வந்திருந்தால், அதன் மென்பொருள் ஆப்ஸ் பகுதியில் வேறு பெயரில் இன்னும் மிச்சம் இருக்கிறது.