வெளியேறும் வாசலையும் பாருங்கள்



பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதென்றால் நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! விண்ணப்பம் வாங்க விடியுமுன்னே வரிசையில் நிற்கிறோம். சிபாரிசுக் கடிதம் வேண்டிப் பங்குத் தந்தையின் இல்லத்திற்கு இருமுறை நடக்கிறோம். ஆனால் சேர்த்த பள்ளியை விட்டு நடுவழியில் விலக நேர்ந்தால் பிள்ளை எங்கே போகும், எந்த வகுப்பில் விலகினால் எதை இழக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தந்தைக்கு வேலை போய்விட்டது, கடலில் மீன்பாடு குறைந்துவிட்டது, கடன் மிஞ்சிவிட்டது எனக் கூறி, ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்க வழி கேட்டு வருவோரைக் கடலூரிலும் கண்டேன், சிதம்பரத்திலும் காண்கிறேன்.

கனடாவில், கியூபெக் மாநிலத்துச் செயின்ட் லாம்பர்ட் நகரில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் சொல்லும் முறை 1965-இல் தொடங்கிற்று. அமெரிக்காவிலும் இத்தகைய சிறப்புப் பள்ளிகள் பரவின. அங்கே அப்பள்ளியை விட்டு விலகும் குழந்தை, பெரும்பாலும் தன் வீட்டு முகவரிக்குரிய பள்ளிக்குத் திரும்பிவிடும். நமக்கோ முகவரிப் பள்ளி என்று வரையறுத்த ஒன்று இல்லை. ஆகவே விதிகளைப் பெற்றோரே அறிந்திருக்க வேண்டியதாகிறது.

முதலில் ஓர் ஆறுதல். 2011-12 கல்வியாண்டு முதல் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்புவரை பாடத்திட்டம் ஒன்றே. சமச்சீர்க் கல்வி தந்த நன்மை இது. பாடம் மாறுவதில்லை, மொழி மட்டுமே மாறுகிறது. முள்ளோடை எல்லையைக் கடந்து புதுவையிலிருந்து வருவோர்க்கு இந்த ஆறுதல் இல்லை; அங்குள்ள அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறிவிட்டமையால் புத்தகமே வேறாகிவிடுகிறது.

இனி, எப்போது விலகுவது? இதுதான் பெற்றோர் பலரும் தவறவிடும் இடம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கென 2020-இல் தமிழ்நாடு அரசு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றினால் இவ்வுரிமை கிட்டும். "இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்று கட்டணம் கட்டி ஆறாம் வகுப்பையும் தனியார் பள்ளியில் முடித்துவிட்டு மாற்றினால், அந்த ஓராண்டுக்காக எல்லாம் போயிற்று! அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தாலும் இவ்வுரிமை உண்டு என்பதையும் நினைவிற்கொள்க. நம் திருச்சபையின் உதவிபெறும் பள்ளிகளுக்கோ அது இல்லை. உண்மையை மறைப்பானேன்?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்காக அரசு கட்டணம் செலுத்துவது எட்டாம் வகுப்புவரைதான். ஒன்பதாம் வகுப்பின் வாசலில் முழுக் கட்டணச் சீட்டு கையில் வருகிறது. அன்றுதான் பல வீடுகளில் இச்செய்தியே தெரியவருகிறது. ஆயினும் அப்பிள்ளைகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றால் மேற்சொன்ன 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்கு உரியவர்களே. பெண் பிள்ளைகளாயின், கல்லூரி செல்லும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே எட்டாம் வகுப்பு முடிவில் கடன் வாங்கி அதே பள்ளியில் தொடர்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்.

மீட்க முடியாத இழப்பும் ஒன்று உண்டு. தமிழ்வழியில் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்டது. பணிக்குரிய கல்வித்தகுதி வரை முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. நடுவில் திரும்பி வருபவர்க்கு அந்தக் கதவு திறவாது.

உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவுக்கும் தனிச் சிறப்பு வந்துள்ளது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் அங்கு ஆறாம் வகுப்பு முதல் பயின்ற ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் புதுமைப் பெண் திட்டமும் அவ்வாறே விரிந்தது. அதே வளாகத்தின் ஆங்கிலவழிப் பிள்ளைக்கு இவ்வுதவி இல்லை.

"சாமி, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண்ணைத் தமிழ் மீடியத்தில் போட்டால் ஊர் சிரிக்காதா?" என்று ஒரு தாய் கேட்டார். "ஊர் இரண்டு நாள் சிரிக்கும் அம்மா, வட்டிக்காரன் பன்னிரண்டு மாதமும் வருவான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அச்சத்தில் நியாயமும் இருந்தது. கணக்கில் கெட்டிக்காரியான அச்சிறுமிக்கு 'ஃப்ராக்ஷன்' தெரியும், 'பின்னம்' தெரியாது. 'போட்டோசிந்தசிஸ்' தெரியும், 'ஒளிச்சேர்க்கை' தெரியாது. அறிவு குறைந்ததன்று, பெயர் மாறியது. இதற்கு மருந்து எளிது: கோடை விடுமுறையில் ஒரே வகுப்பின் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் அருகருகே விரித்து, நாளும் சில பக்கங்களைப் பிள்ளையே உரக்கப் படிக்கட்டும். பாடம் ஒன்றே ஆதலால் வரிக்கு வரி பொருள் விளங்கும். தனிப்பயிற்சிக்குச் செலவிட வேண்டியதில்லை. ஆசிரியரும் முதல் பருவத்தில் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். ஆங்கிலச் சொல்லில் விடை சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்தி நகையாடுதல் கொடுமை.

மாற்றுச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புவரை, அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறக் கேட்கும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் அதனை உடனே வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாகச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாதென்றும், பாக்கி விவரத்தை அதில் எழுதலாகாதென்றும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாதென 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது; அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டுமென 2025-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கருதினர். முடிவு எதுவாயினும், நம் தாளாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசலே இல்லாதிருந்தவர்களுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கண்ட ஊர் சிதம்பரம். அந்த ஊரில் நம் பள்ளி எழுத்தர் ஒருவர், பாக்கிக்காகப் பிள்ளையின் சான்றிதழை மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கலாமா? இந்த மே மாதத்தில் அந்த இழுப்பறைகளைத் தாளாளர்களே ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.